ஐஸ் பேக்டரிச் சுவரையும் அண்ணாந்து பார்க்க வைத்த அக்காவுக்கு

அந்தி மயங்கும் நேரத்தில் அயலூரிலிருந்து வந்து இறங்கியவர்களை, அலைக்கரையைச் சுற்றிக் காட்டி முடிப்பதற்குள் இந்த ஊர்க்காரர்களாகவே மாற்றி அனுப்பியவரே! கப்பலின் ஊதல் ஒருபக்கம், கடைவீதிக் கூச்சல் மறுபக்கம் என்று காது இரண்டும் அடைத்தாலும், கடைசி இருக்கைக்காரருக்கும் கணீரென்று கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரரே! துறைமுகக் கரை மாலைச் சுற்றுலாப் பிரிவின் தூணே, துணையே, எங்கள் அன்புக்குரிய வழிகாட்டி அக்கா அவர்களே!

வணக்கம். தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, தங்களோடு ஒரே வண்டியில் போய் ஒரே படகில் திரும்பிய நாங்கள் அனைவரும் கூடி, மனம் நிறைந்து வாசித்தளிக்கும் மடல் இது. இதை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. "கடமை வீராங்கனைன்னு ஆரம்பிக்கலாம்" என்றார் கணக்குப் பிரிவு அண்ணன். "அப்படிப் போட்டா அக்கா முதல் வரியிலயே சிரிச்சிடுவாங்க, அப்புறம் மிச்சத்தை யார் கேக்குறது" என்றார் படகோட்டி. ஆகவே பட்டங்களைக் குறைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். நடந்ததைச் சொன்னாலே அது பாராட்டாகத்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?

பயணிகளுக்கு ஒருநாளும் முதுகு காட்டாத பண்பாளரே! வழிகாட்டி என்றால் முன்னால் நடப்பவர் என்று உலகம் நினைக்கிறது. தாங்களோ பயணிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரைச்சுவரை ஒட்டிய நடைபாதை முழுவதையும் பின்பக்கமாகவே நடந்து கடந்தீர்கள். எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே வலை காயப் போட்டிருப்பார்கள், எங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பதெல்லாம் தங்கள் குதிகாலுக்கு மனப்பாடம். ஒரே ஒரு முறை, யாரிடமும் சொல்லாமல் நகராட்சி புதிதாக ஒரு குப்பைத்தொட்டியை வைத்துவிட்டுப் போக, தாங்கள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சுங்க அலுவலக மணிக்கூண்டின் கதையைத் தொடர்ந்து சொன்னீர்கள். அதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதிதான் என்று நினைத்து இரண்டு பேர் படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஓட்டுநர் அண்ணனைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு நிறுத்தப் பலகைகள் கண்ணில் படுவதே இல்லை. தாங்கள் மைக்கில், "கொஞ்சம் மெதுவாப் போவோம், இது ரசிச்சுப் பாக்க வேண்டிய இடம்" என்றால் அவர் வேகத்தைக் குறைப்பார். "சரி, இறங்கலாமா?" என்றால் வண்டி நிற்கும், கதவு திறக்கும். தங்கள் குரல்தான் அவருக்கு வழி, அதுவே வண்டிக்குப் பிரேக். இத்தனை ஆண்டுகளில் இந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை. பிசகிய ஒரே நாளைப் பற்றித்தான் இனிமேல் சொல்லப் போகிறோம்.

சென்ற ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "உங்க பேச்சை அப்படியே பதிஞ்சு வச்சுக்கணும்மா, காலத்துக்கும் இருக்கணும்" என்று கேட்டார். தாங்களும் மகிழ்ந்து, பண்டகசாலையின் பின்னறையில், மின்விசிறியின் சத்தம் விழாமலிருக்க அதையும் நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க முழுச் சுற்றுலாவையும் ஒரு பெட்டிக்குள் பேசி வைத்தீர்கள். அது நினைவுக்காக அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. தாங்கள் ஓய்வு பெற்றதும் வழிகாட்டிப் பணியிடத்தையே எடுத்துவிட்டு, பயணிகளின் காதில் ஒரு கருவியை மாட்டி, அந்தப் பதிவை ஓட விடுவதாக ஏற்பாடு. செய்தி வந்த அன்று தாங்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள். "என் வேலை போறதுல வருத்தமில்ல, வயசாச்சு, போகத்தான் வேணும். என் தொண்டையை வச்சே இன்னொருத்தர் நாற்காலியை எடுத்துட்டாங்களே" என்றீர்கள். அதுவரை தாங்கள் கலங்கி நாங்கள் பார்த்ததில்லை. தங்களுக்குப் பின் இந்தக் கரையில் ஒரு மனிதர் நின்று பேசுவாரா, பெட்டி மட்டும்தான் பேசுமா என்பதே அன்றிலிருந்து எங்கள் எல்லோருடைய கவலையும்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு மாலை குறித்தார்கள். இதோ மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயாவே வண்டியில் ஏறினார். தாங்கள் கடைசி இருக்கையில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பயணச்சீட்டு முகப்பிலிருந்து ஒருவர், ஓட்டுநர் அண்ணன் தொடங்கி எல்லோருக்கும் காதுக் கருவிகளைக் கொடுத்துக்கொண்டே போனார். தங்களிடமும் ஒன்றை நீட்டினார். "எனக்கெதுக்கு, நான் என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

தொடக்கம் பிரமாதமாகத்தான் இருந்தது. தூக்குப்பாலத்தில்தான் வினை. ஒரு சரக்குக் கப்பல் ஆடி அசைந்து உள்ளே வர, பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. பெட்டிக்கு எப்படித் தெரியும் பாலம் தூக்கியிருக்கிறதென்று? அது தன் பாட்டுக்கு மணிக்கூண்டைச் சொல்லி, நீரூற்றைச் சொல்லி, வெகுதூரம் முன்னால் போய்விட்டது. பாலம் இறங்கி வண்டி புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள், ஓட்டுநர் அண்ணனின் காதில் தங்கள் குரல் கேட்டது: "சரி, இறங்கலாமா? படி ஈரமா இருக்கும், பாத்து."

அவ்வளவுதான். பழகிய கால் பிரேக்கை மிதித்தது, பழகிய கை கதவைத் திறந்தது. பயணிகளும் சொன்ன சொல் தட்டாமல் இறங்கி, ஈரமே இல்லாத தரையில் கவனமாகக் கால் வைத்து, வரிசையாக நின்றார்கள். "இப்ப அப்படியே அண்ணாந்து பாருங்க. இவ்வளவு உயரத்தை இந்தக் கரையில வேற எங்கயும் பாக்க முடியாது" என்றது பெட்டி. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எதிரே இருந்தது பெட்டி சொன்ன கலங்கரை விளக்கம் அல்ல, ஐஸ் பேக்டரியின் பக்கச் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, குழாய் ஒழுகிப் பச்சை படர்ந்த சுவர். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இங்க எதுக்குய்யா நிறுத்தின?" என்று கேட்டார் மேலாளர் ஐயா.

"அக்கா சொன்னாங்க சார்."

"அக்கா கடைசி சீட்ல உக்காந்திருக்காங்க."

ஓட்டுநர் அண்ணன் திரும்பித் தங்களைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை.

அக்கா, அந்த நேரத்தில் தாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பெட்டியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்களில் சிலர் உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டோம். தாங்கள் வெளியே நின்ற பயணிகளைப் பார்த்தீர்கள். ஊர் தெரியாமல், எதைப் பார்ப்பது என்றும் தெரியாமல், மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர்களைத் தங்களால் விட முடியவில்லை. இறங்கி வந்தீர்கள். காதுக் கருவிகளைக் கொடுத்தவரிடம், "அதையெல்லாம் திருப்பி வாங்கி வச்சுக்கோ" என்றீர்கள். சுவருக்கு முதுகைக் கொடுத்து, பயணிகளுக்கு முகத்தைக் கொடுத்து நின்றீர்கள்.

"இது கலங்கரை விளக்கம் இல்லீங்க, ஐஸ் பேக்டரி. ஆனா நீங்க தப்பான இடத்துல இறங்கல. வந்து இந்தச் சுவர்ல கை வச்சுப் பாருங்க."

ஒருவர் வைத்தார். சட்டென்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் வைத்தார்கள். பகலெல்லாம் வெயிலில் வெந்த கரையில், அந்தச் சுவர் மட்டும் சில்லென்று இருந்தது. இந்தப் பனிக்கட்டி இல்லாமல் இங்கிருந்து ஒரு மீன்படகும் புறப்படாது என்றும், கொளுத்தும் கோடையிலும் உள்ளே இருப்பவர்கள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்றும் தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறிய கதவு திறந்து அப்படியொரு குல்லாயோடு ஒருவர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். நடுவில் தங்களைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன, வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"வீட்ல ஒண்ணுமில்ல. இவங்கெல்லாம் நீங்க வேலை பாக்குற இடத்தைப் பாக்க வந்திருக்காங்க."

"இதையா? நான் இன்னும் கையே கழுவலையே."

அவர் தங்கள் கணவர், எங்கள் மாமா, அந்த ஆலையின் இயந்திரப் பொறுப்பாளர் என்பது அதுவரை எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டு விஷயத்தை வேலைக்குக் கொண்டு வரக் கூடாது என்பது தங்கள் கட்டுப்பாடு. அதனால் தினமும் அந்தச் சுவரைக் கடக்கும்போது மட்டும் தாங்கள் பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடிப்பீர்கள். "ஊருக்கே ஊரைச் சுத்திக் காட்டுற, என் இடத்தை மட்டும் வாயத் திறந்து சொல்ல மாட்ட" என்பது மாமாவின் நெடுநாள் மனத்தாங்கல் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அன்று அந்த மனத்தாங்கல் தீர்ந்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி, மாமா வெட்கப்பட்டுக்கொண்டே போய்த் துறைப்பக்கத்துச் சரிவுப் பலகையின் கதவைத் தூக்கிவிட்டார். பாளம் பாளமாகப் பனிக்கட்டி உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. சாயும் வெயில் அதில் பட்டுச் சிவந்தது. ஒவ்வொரு பாளமும் கீழே காத்திருந்த படகுகளில் இடிபோல விழுந்தது. அப்போது எழுந்த கைத்தட்டலைக் கேட்டுத் துறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "கலங்கரை விளக்கம் எங்க ஊர்லயும் இருக்குங்க. இது இல்ல" என்றார் அந்தக் கண்ணாடிப் பெரியவர். தங்களுக்கு ஐஸ் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை அக்கா, நடந்தது இதுதான்.

மேலாளர் ஐயாவும் கைதட்டினார் என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறோம். அவர் தங்கள் பக்கத்தில் வந்து, "இதை எப்படிம்மா ரெக்கார்ட் பண்றது?" என்று கேட்டார். "பண்ண முடியாது சார். நாளைக்கு வேற மாதிரி இருக்கும்" என்றீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்ப நீங்களே இன்னும் ரெண்டு வருஷம் இருங்க. உத்தரவு நான் வாங்கித் தரேன்."

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுநர் அண்ணன் வண்டியை விட்டே இறங்கிவிட்டார். தாங்களோ தலையை அசைத்துவிட்டீர்கள்.

"எனக்கு வேண்டாம் சார். என்னை வச்சே இழுத்தீங்கன்னா, நான் போற அன்னிக்கு மறுபடி இந்தப் பெட்டியத்தான் எடுத்துட்டு வருவீங்க. ஒரு ஆளைப் போடுங்க. நான் இருக்கும்போதே போடுங்க."

தேடி வந்ததைத் தாங்கள் வேண்டாம் என்று சொன்னது, வரப்போகிறவருக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. வரப்போகிறவர் யாரென்று அன்று தங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உயர்ந்த உள்ளம் என்று மற்றவர்களின் மடல்களில் எழுதிப் படித்திருக்கிறோம். கண்ணெதிரே பார்த்தது அன்றுதான்.

வெற்றித் திருமகளே! அதன்பின் விண்ணப்பங்கள் வந்தன, பலர் வந்து பேசிக் காட்டினார்கள், இடம் நிலைக்குமா, யாருக்கு என்ற முடிவை மட்டும் தலைமை அலுவலகம் இன்றுவரை இழுத்தது. ஆணையை இன்று காலைதான் மேலாளர் ஐயா எங்கள் கையில் கொடுத்தார். விழா மேடையில் சொல்லும் வரை தங்களுக்குத் தெரியக் கூடாது என்று எங்கள் வாய்க்குப் பூட்டும் போட்டார். பூட்டை இப்போது திறக்கிறோம். மாலைச் சுற்றுலாவின் வழிகாட்டிப் பணியிடம் நீக்கப்படவில்லை. அது நிரந்தரமாகத் தொடர்கிறது. பெட்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. தாங்கள் வென்றுவிட்டீர்கள், அக்கா.

தங்கள் குரல் தெளிவோடும், தங்கள் கால்கள் உறுதியோடும், தங்கள் இல்லம் மாமாவின் சிரிப்போடும் நெடுங்காலம் நிறைந்திருக்க வேண்டும். இனியாவது சூரியன் மறைவதைப் பேசாமல் உட்கார்ந்து பார்க்கும் மாலைகள் தங்களுக்கு நிறையக் கிடைக்க வேண்டும். நோய்நொடி அண்டாமல், மனக்குறை ஏதுமில்லாமல் தாங்கள் நூறாண்டு வாழ உளமார வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பணியிடத்துக்கு யாரை எடுத்திருக்கிறார்கள் என்று தாங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது இங்கிருந்தே தெரிகிறது. அன்று காதுக் கருவிகளைக் கொடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டவளைத்தான். இவ்வளவு நேரமும் "நாங்கள், நாங்கள்" என்று வாசித்துக்கொண்டிருக்கும் என்னைத்தான், அக்கா. நாளை மாலை எனக்கு முதல் சுற்று. தாங்களும் மாமாவும் பயணிகளாக வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். நான் எதையாவது தப்பாகச் சொன்னால் அங்கேயே எழுந்து நின்று சொல்லுங்கள். பெட்டியைப் போல இல்லை, எனக்குக் காது கேட்கும்.

என்றும் தங்கள் அன்பில்,
துறைமுகக் கரை மாலைச் சுற்றுலாவின்
ஓட்டுநர், படகோட்டி, கணக்குப் பிரிவினர்,
மற்றும் நாளை முதல் வழிகாட்டி