ஒரு சடக்குச் சத்தம்

— குப்புறப் படுக்க வேண்டாங்கய்யா. ஒருக்களிச்சே படுங்க. எங்க வலிக்குதுன்னு கைய வெச்சுக் காட்டுங்க.

— இங்கதான் டாக்டரம்மா. அதெல்லாம் எதுக்கு? வழக்கமா எடுக்கற மாதிரி முதுகுல ஒரு சடக்கு எடுத்து உட்டுடுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன்.

— சின்னுசாமி ஐயா, ஒரு வருசமா எங்கிட்ட வாரீங்க. ஆடிக் காத்துல மரவள்ளி மூட்டையத் தூக்கி இடுப்பு புடிச்சுக்கிட்டு வந்தீங்க. ஐப்பசி மழையில வரப்புல வழுக்கிட்டு வந்தீங்க. மார்கழிப் பனிக்கு முதுகு மரக்கட்டையா வெறைச்சுப் போயி வந்தீங்க. ஒரு தடவைகூட இந்த எடத்தைக் காட்டினதில்ல.

— இப்ப மாசி சாமி, மிளகு பறிக்கற காலம். மூங்கில் ஏணியில நாளைக்குப் பத்து மரம் ஏறி எறங்கறேன். வலி மட்டும் இருந்த எடத்துலயே இருக்குமா? அதும் கூடவே ஏறி எறங்குது.

— சிரிக்காதீங்க. மூட்டைய நெஞ்சோட அணைச்சு, முட்டிய மடக்கித்தான தூக்கறீங்க?

— நீங்க சொன்ன நாளா அப்படித்தான். எங்க வாழவந்தி நாட்டு ஊரே கேலி பண்ணுது, சின்னுசாமி மூட்டையக் கட்டிப்புடிச்சுக் கொஞ்சறான்னு.

— படுக்கறப்ப முட்டிக்கு நடுவுல தலகாணி?

— தலகாணி எங்க சாமி? கோணிச்சாக்கைச் சுருட்டி வெச்சுக்கறேன்.

— படுத்தா வலி கொறையுதுங்களா?

— அது பாட்டுக்கு இருக்குது.

— நான் கேட்டது வேற. படுத்தாக் கொறையுதா, கொறையலியா?

— கொறையல சாமி. படுத்தாத்தான் அதிகம். எந்திரிச்சுச் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கறேன்.

— எப்பருந்து?

— பொங்கலுக்கு முன்னயிருந்து.

— அரணாக்கயித்துல என்ன, புதுசா ரெண்டு முடிச்சு?

— நழுவி நழுவி எறங்குது. இழுத்து முடிஞ்சேன். மறுக்கா எறங்குச்சு, மறுக்கா முடிஞ்சேன்.

— சோறு திங்கறீங்களா?

— சாமைச் சோறு தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. வேலை அலுப்புதான்.

— காலு மரத்துப் போகுதா?

— எடது காலு அப்பப்ப. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து பாத்தா ஒத்தச் செருப்புதான் இருக்குது. கழண்டு உழுந்ததே தெரியல.

— எந்திரிங்க. இல்ல, நீங்களா எந்திரிக்காதீங்க. என் தோளைப் புடிச்சுக்குங்க. ஆங், அப்படி உக்காருங்க. ஐயா, இன்னைக்கு உங்க முதுகுல நான் கைய வெக்க மாட்டேன்.

— ஏஞ்சாமி அப்படிச் சொல்றீங்க?

— நீங்க எல்லாரும் டாக்டரம்மான்னு கூப்பிடறீங்க. நான் டாக்டர் இல்லீங்க, எலும்பு, தசைக்குப் பயிற்சி குடுக்கற பிசியோ. புதனுக்குப் புதன் நாமக்கல்லுல இருந்து மலைப்பாதையில எழுபது வளைவு ஏறி இந்தச் செம்மேட்டுக்கு வாரேன். என் கைக்கு அடங்கற வலி எது, அடங்காதது எதுன்னு எனக்குத் தெரியும். இது அடங்காதது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். ஸ்கேன் எடுக்கோணும்.

— எழுத வேண்டாங்க.

— பயப்படாதீங்கய்யா, எடுத்துப் பாத்தாத்தான…

— எடுத்தாச்சு.

— என்னது?

— ஸ்கேனு. போன மாசம். மிளகு விக்கப் போறேன்னு ஊட்டுல சொல்லிப்போட்டு ஒத்தையாப் போனேன். நெஞ்சுல ஆரம்பிச்சு முதுகெலும்புக்கு எறங்கிருச்சாம். ஒரு பீடி குடிச்சதில்ல சாமி நானு.

— ஐயா…

— மெல்லப் பேசுங்க சாமி, அந்த நோவு பேரைச் சொல்லிடாதீங்க. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல ராசம்மா உக்காந்திருக்கா, எம் பொண்டாட்டி. அதுக்குத்தான் கேக்கறேன். ஒரே ஒரு சடக்கு. சத்தம் வெளிய கேட்டாப் போதும். புடிப்பு உட்டுருச்சுன்னு நெனச்சுக்குவா.

— அந்த எலும்பு இப்ப செல்லரிச்ச மரம் மாதிரிங்கய்யா. நான் திருப்பினா ஒடைஞ்சுரும். ரெண்டு காலும் போயிரும்.

— அப்ப உங்க வெரலையாச்சும் சொடுக்குங்க சாமி.

— என்ன பேச்சு பேசறீங்க! சேலத்துல வைத்தியம் எதுவும் சொல்லலியா?

— கரண்டு வெக்கோணுமாம், தொடர்ந்தாப்புல பத்து நாளு. வெச்சா வலி கொறையும், காலு நிக்கும்னாங்க. ஆளு எத்தனை நாளு நிப்பான்னு கேட்டேன். அதுக்கு அந்த டாக்டரு காயிதத்தைப் பாத்துக்கிட்டாரு.

— கதிர்வீச்சுதான? வெச்சீங்களா?

— பத்து நாளு எங்க போறேன்னு அவகிட்ட என்னன்னு சொல்லறது? பொண்ணு அருணா கோயமுத்தூருல எட்டு மாசம். ஏற்கெனவே ரெண்டு கரு தங்காமப் போன புள்ள அது. பங்குனிக் கடைசியில நாளு குறிச்சிருக்காங்க. ராசம்மாளுக்கு மறைக்கத் தெரியாது சாமி. போனை எடுத்துக் கண்ணுன்னு கூப்பிடறப்பவே அழுதுருவா. புள்ளைக்குப் புரிஞ்சுரும். பொறக்கற வரைக்கும் பொறுத்துக்கறேன்.

— அதுக்குள்ள காலு போயிட்டா?

— பேரனை நடந்து போயித்தான் பாக்கோணுமா? தூக்கிட்டு வந்து காட்டுவாங்க.

— ஐயா, நான் பொய் சொல்ல மாட்டேன்.

— உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்.

— ஐயோ, குனியாதீங்க! குனியவே கூடாது நீங்க. கேளுங்க. புடிப்புன்னு என் வாயால வராது. மரம் ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாதுன்னு சொல்றேன், அது நெசம். மிச்சத்தை நீங்கதான் அவங்ககிட்டச் சொல்லோணும். அடுத்த புதனுக்குள்ள.

— சொல்லாட்டி?

— தெரியலீங்கய்யா. எனக்கும் தெரியல.

— அட, நீங்க எதுக்குச் சாமி அழுவறீங்க? கண்ணைத் தொடைங்க. பெஞ்சு நகருது, எந்திரிச்சுட்டா போல. ஏ ராசம்மா, வா வா, ஆச்சு.

— ஏனுங்க, சத்தமே கேக்கல? போன தடவை வெளிய வரைக்கும் கேட்டுச்சே.

— இப்பெல்லாம் சத்தமில்லாம எடுக்கறாங்க புள்ள. புது முறை.

— டாக்டரம்மாவுக்கு ஏன் கண்ணு செவந்திருக்குது?

— தைலக் கை பட்டுருச்சுங்கம்மா. வந்து… ஐயா இனி மரம் ஏறக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. பஸ்ஸுல பின்சீட்டுல உக்காரக்கூடாது, தூக்கிப் போடும்.

— ஏற உடமாட்டேன். மிளகு பழுத்து உதுந்தா உதுரட்டும், காக்கா தின்னாத் தின்னட்டும். அதென்னமோ கண்ணு, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். படுத்திருக்கறவரை அந்தப் பக்கமாத் திருப்போணும்னா வலிக்காம எப்படித் திருப்பறது?

— தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்போணுங்கம்மா. முறுக்கக்கூடாது. கீழ ஒரு போர்வை போட்டு, அதப் புடிச்சுத் திருப்பினாச் சுலபம்.

— ஒருத்தியால முடியுமா?

— முடியும். பழகினா முடியும்.

— ஒரே பக்கமாப் படுத்திருந்தா தோலு புண்ணாயிரும்பாங்களே, அது எத்தனை மணிக்கொருக்கா…

— ஏ புள்ள, புடிப்புக்கு எதுக்கு இத்தனை கேள்வி? நான் என்ன படுக்கையிலயா கெடக்கறேன்?

— கேட்டு வெச்சுக்கறேன், உங்களுக்கென்ன? அதென்னமோ, இன்னொண்ணும் சொல்லோணும். காலைல அருணாகிட்டப் பேசினேன். பிரசவத்தைச் சேலத்துலயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன், சரின்னுட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுல ரூமும் சொல்லியாச்சு. நாம ரெண்டு பேரும் நாளன்னைக்கே கெளம்பறோம்.

— பங்குனிக் கடைசிக்கு இப்பவே போயி என்ன பண்றது?

— ரூமைக் கழுவோணும், அடுப்பு கட்டோணும், எத்தனை இருக்குது! ஊரு தெரியாத எடத்துல நான் ஒத்தையா இருக்க முடியுமா? நீங்க சும்மா கூட இருந்தாப் போதும். பகல்ல எங்க வேணாப் போயிட்டு வாங்க. எங்க போனீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.

— கேக்க மாட்டியா?

— மாட்டேன்.

— நெசமாவா? டாக்டரம்மா, கேட்டீங்களா! சேலத்துலயாம்! சரி, சரி. நான் போயி நாளன்னைக்கு மொத பஸ்ஸு எப்பன்னு கேட்டுட்டு வாரேன். நீ மெதுவா வா புள்ள.

— படியிருக்குது, பாத்து எறங்குங்க.

— அம்மா, செத்த உக்காருங்க. அவரு உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்னு…

— ரோட்டுக்குப் போயிட்டாருங்களா?

— போயிட்டாரு. டீக்கடைத் தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

— அந்தக் கரண்டு வெக்கறது காலைலயா இருக்குமா, மத்தியானமாங்க? அதுக்குத் தக்கன கஞ்சி காச்சோணும்.

— அம்மா! உங்களுக்கு எப்படி…

— தொவைக்கறப்ப சட்டைப் பையில காயிதம் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. மருந்துக்கடை யுவராஜ்கிட்டக் குடுத்தேன். அந்தத் தம்பி படிச்சுப்போட்டு, உக்காருங்கக்கான்னுச்சு. உக்காந்தப்பவே புரிஞ்சுருச்சு. இருபத்தி மூணு நாளாச்சு.

— பொண்ணுக்கு?

— தெரியாது. அவகிட்டப் பேசறதுக்கு முன்னாடியே காட்டுக்குப் போயி அழுது முடிச்சுருவேன். அப்பறம் போனை எடுத்தாக் கொரலு நல்லா வருது.

— அவரும் மறைக்கறாரு, நீங்களும் மறைக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரு தடவை உக்காந்து பேசிட்டா என்னம்மா? கூப்பிடட்டுமா? இதோ, நானே போயிக் கூட்டிட்டு வாரேன்.

— வேண்டாங்க கண்ணு, கும்புடறேன். நான் கண்டுபுடிச்சுரக் கூடாதுன்னுதான் அவரு தெனமும் விடிஞ்சதும் எந்திரிச்சு நடக்கறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அன்னைக்கே படுத்துக்குவாரு.