ஸ்கேன் வரிசையில் தமிழ்

புனேயில் அரசு ஆஸ்பத்திரி ஸ்கேன் கவுண்டர். எனக்கு முன்னால், கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒருவர். கூடவே அவர் மனைவியின் தம்பி. அட்டைக்காரரின் அம்மா வெறும் வயிற்றோடு பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

“கோவாவுக்கு ப்ளேன் புடிச்சுப் போய் பார்ட்டி வைக்குது உங்க கம்பெனி. அதுக்கு நல்லா வரி போட்டா இங்க இன்னொரு மிஷின் வாங்கலாம் மாமா.”

“வரி போட்டா எங்க இன்க்ரிமெண்ட்லதான்டா கை வைப்பான். முதல்ல கவர்மெண்டு தண்டச் செலவைக் குறைக்கட்டும். அந்தக் கவுண்டர் அம்மாவைப் பாரு, ஒரு சீட்டு எழுத எவ்வளவு நேரம்! பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்.”

“மெதுவா பேசுங்க. இன்னைக்கு விட்டா அத்தைக்கு அடுத்த மாசம்தான் ஸ்கேன்.”

“தமிழ்தானேடா, இங்க யாருக்குப் புரியப்போவுது?”

அந்தக் கவுண்டர் அம்மா போனில், “சாப்பிட்டியாடா கண்ணு?” என்று கேட்டது சற்று முன்தான் என் காதில் விழுந்திருந்தது. சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் அவர்கள் முறை வந்தது. அந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

“அம்மா பேரு சொல்லுங்க தம்பி. பாவம், காலையிலேர்ந்து பட்டினியா இருக்காங்க. முதல்ல உள்ள அனுப்பிடறேன்.”

மச்சினன் சுவரைப் பார்த்தான். அட்டைக்காரர் பெயரை முணுமுணுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டு இந்தியில் நன்றி சொன்னார்.

“தன்யவாத், மேடம்.”

அடுத்து நான். நானும் தமிழே தெரியாதது போல இந்தியிலேயே பேசினேன்.