அரிசி டப்பாவுக்குள்ள இன்ஹேலர்

புள்ளைங்களோட வீசிங் பத்தி டாக்டருங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு... இப்ப பெத்தவங்க உங்களுக்கு நான் ஒரு குட்டிக் கதை சொல்றேன், யாரும் தூங்கிடாதீங்க.

கோயமுத்தூர்ல ஒரு அபார்ட்மென்ட். ஒரு வீட்டுல நம்ம சம்யுக்தா, மூணாங்கிளாஸ். எதிர் வீட்டுல பஞ்சாபிக் குடும்பம், அவங்க பொண்ணு ஹர்லீன், அதே கிளாஸ். ரெண்டு பேருக்கும் வீசிங், அதாங்க மூச்சிரைப்பு. ஒரே டாக்டர், ஒரே மருந்து. "நல்லா விளையாடட்டும், இன்ஹேலர் மட்டும் கையில இருக்கணும்"னு ரெண்டு அம்மாகிட்டயும் ஒரே மாதிரிதான் சொன்னாரு.

ஹர்லீன் அம்மா என்ன பண்ணாங்க? இன்ஹேலர கயித்துல கட்டி கழுத்துல மாட்டிவிட்டாங்க. சம்யுக்தா அம்மா கற்பகம் என்ன பண்ணாங்க? அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. விருந்தாளி வந்தா புள்ளைய பாத்ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய், கதவச் சாத்தி, சத்தம் கேக்காம பைப்பத் திறந்துவிட்டுதான் மருந்து. ஏன்? "பொம்பளப் புள்ள... வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" ஏம்மா... அந்த மாப்பிள்ளைக்கு இன்னும் பால் பல்லே விழலையேம்மா.

அபார்ட்மென்ட்ல பொங்கல் விழா வந்துச்சு. சாக்கு ஓட்டம். ஹர்லீன் குதிச்சு குதிச்சுப் போறா... பாதியில மூச்சு இழுக்குது... நின்னா, மருந்த இழுத்தா, கொஞ்ச நேரம் உக்காந்தா. அடுத்த ஆட்டத்துக்கு எந்திரிச்சுட்டா. நம்ம சம்யுக்தா? அடிக்கிற வெயில்ல மங்கி குல்லா போட்டுக்கிட்டு நாற்காலியில. பார்த்தா... பார்த்தா... பொறுக்கல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துனா:

"அம்மா, எனக்கும் ஓடணும். அரிசி டப்பாவுல இருந்து என் இன்ஹேலர எடுத்துட்டு வா!"

கற்பகம் சுத்திமுத்திப் பாத்தாங்க. போச்சு... மானம் போச்சு. அப்ப பக்கத்துல ஒரு அம்மா, மெதுவா, "உங்களுது அரிசி டப்பாவுலயா? எங்க பையனோடது பீரோவுல, பட்டுப் புடவைக்கு நடுவுல"ங்கிறாங்க. பின்னாடி ஒரு அப்பா, "எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடிங்க." ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க... சிரிப்புன்னா சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. கற்பகம் இன்ஹேலர எடுத்துட்டு வர லிஃப்ட்டுக்குக்கூட நிக்கல, படியிலயே ஓடுனாங்க.

சம்யுக்தா ஓடுனா. கடைசியாத்தான் வந்தா. கடைசியா வந்துட்டு அந்தக் குதி குதிச்ச புள்ளைய நான் பாத்ததே இல்லங்க.

இப்ப நீங்க சொல்லுங்க... நோய் ஒண்ணு, மருந்து ஒண்ணு. ஒருத்தி ஓடுனா, ஒருத்தி உக்காந்திருந்தா. உக்கார வச்சது யாரு? வீசிங்கா? இல்லீங்க... நம்ம வெக்கம். இங்க எத்தன பேர் ஒளிச்சு வச்சிருக்கீங்க? கையத் தூக்க வேணாம். வீட்டுக்குப் போனதும் அத வெளிய எடுங்க... புள்ள கையில குடுங்க... கதவத் திறந்து விடுங்க. புள்ள விளையாடிட்டு வரட்டும்.