ஈதர் அலமாரியின் சாவி குறித்து

என் பெயர் சுலோசனா, வயது 76, காலஞ்சென்ற ஆதிநாராயணனின் மனைவி. சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். கான்வென்டில் படித்தவள், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் எழுதப் படிக்கத் தெரியும். வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருப்பதால், நான் தமிழில் சொல்ல, காவலர் தமிழ்செல்வன் எழுதிக்கொள்கிறார். கைநாட்டு வாங்க மைப்பெட்டி கொண்டுவந்தார்கள். அதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். இடது கையால் கையெழுத்திடுவேன்.

முதலில் ஒரு திருத்தம். சென்ற புதன்கிழமை யாமினி என்ற ஆராய்ச்சி மாணவி ஆய்வக வகுப்பை விட்டுவிட்டு என்னுடன் புத்தூருக்கு வந்தது, நான் வற்புறுத்தி அழைத்ததால்தான் என்று கல்லூரியில் சொல்லிவருகிறார்கள். அது உண்மையல்ல. அன்று காலை வரை அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

திருப்பதிக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருக்கும் சுதீர் என் தங்கை மகன். எட்டாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவன். நான் குளியலறையில் விழுந்த பிறகு, என்னைக் கல்லூரி வளாகத்திலுள்ள தன் வீட்டில் வைத்திருந்தான். புத்தூரில் போட்ட கட்டைப் பிரித்து மறுகட்டுப் போட வேண்டிய நாள் அந்தப் புதன்கிழமை. தானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தவன், காலையில், தனக்கு ஒரு கூட்டம் இருப்பதாகவும் தன்னிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் வருவாள் என்றும் சொன்னான். அவனுடைய ஆராய்ச்சி மாணவர்கள் அவன் வீட்டு விருந்தினரைத் திருமலைக்கு அழைத்துப் போவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அங்கே அது வழக்கம் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு யாமினி வந்தாள். வெள்ளை ஆய்வக அங்கியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வக வகுப்புக்கு அவள்தான் துணை ஆசிரியர் என்று அப்போது தெரிந்துகொண்டேன். போர்டிகோவில், நான் காரில் ஏறுவதற்கு முன், என் எதிரில் நடந்த பேச்சு இது.

"சார், லேப்ல பசங்க நிக்கிறாங்க. இன்னிக்குத்தான் மொத தடவையா ஈதர் எடுக்கப் போறாங்க. மத்தியானம் அழைச்சிக்கினு போறேன் சார்."

"ரெண்டாவது வருசம் படிக்கிறதுங்க, தொட்டில்ல கெடக்குற பசங்களா? ரெக்கார்ட் எழுதிக்கினு இருக்கச் சொல்லு. ஒன் தீசிஸ்ல கையெழுத்துப் போடறது நான்தானே? வண்டிய எடும்மா."

அதன் பிறகு அவள் அங்கிப் பையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய ஒரு சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஈதர் அலமாரியப் பூட்டிட்டேன் சார். நான் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றாள். "சரி தாயே" என்று சிரித்தபடி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

யாமினி நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். "ஆயா, தலையக் குனிஞ்சி ஏறுங்க" என்றாள். கான்வென்டில் கூடத்தைப் பெருக்குகிறவர்களைத்தான் ஆயா என்போம். மேடம் என்று கூப்பிடச் சொன்னேன். அப்படியே கூப்பிட்டாள். வழியில், "பசங்க உள்ள இருக்கிற வரைக்கும் நான் லேப் வாசலத் தாண்டக்கூடாது மேடம். வேலையில சேர்ந்த அன்னிக்கு மொதல்ல சொன்னதே அதுதான். ஈதர் சட்டுனு பத்திக்கும் மேடம், மனசெல்லாம் அங்கதான் கீது" என்றாள். ஆசிரியர் சொன்னால் கீழ்ப்படிவதே ஒழுக்கம் என்று நான் பதில் சொன்னேன்.

புத்தூரில் கட்டுப் போடுபவர் பழைய கட்டைப் பிரித்து, என் முழங்கையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி யாமினியிடம் சொன்னார். அப்போது அவளுடைய போன் அடித்தது. நின்றது, மீண்டும் அடித்தது. அவள் கையை எடுக்கப் பார்த்தாள். "உட்டுடாதம்மா, எலும்பு கோணலா சேந்துக்கும். அப்புறம் ஒங்க மேடம் எந்தக் கையால சோறு துன்னுவாங்க?" என்றார் அவர். எனக்கும் தாங்க முடியாத வலி. யாராக இருந்தாலும் காத்திருக்கட்டும், போனைத் தொடாதே என்று நான் அதட்டினேன். அவள் தொடவில்லை.

அதன் பிறகு காரில் திரும்பும்போது போன் மறுபடி அடித்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் இடது கையில் வாங்கி ஸ்பீக்கரில் வைத்தேன். ஹரிப்ரியா என்ற மாணவி பேசினாள். "அக்கா, சார் வந்து சாவியக் குடுத்துட்டு, நீங்களே ஆரம்பிங்கன்னு போய்ட்டாரு. ஆரம்பிக்கலாமான்னு கேக்கத்தான் ஒங்களுக்கு அடிச்சோம். பக்கத்து மேசையில பர்னர் எரிஞ்சிக்கினு இருந்துச்சி, யாரும் பாக்கலக்கா. அக்ஷயா மூஞ்சி..." அதற்கு மேல் அழுகை மட்டும் கேட்டது. யாமினி காரை ஓரமாக நிறுத்தி, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டாள். இணைப்பு அறுந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு லாரியிலிருந்து மாங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்ஷயா என்ற அந்த இரண்டாம் ஆண்டு மாணவிக்கு முகத்திலும் கழுத்திலும் தீக்காயம். வலது கண்ணைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று அவளுடைய தாயார் என்னிடம் கூறினார்.

அன்று மாலை சுதீர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "பெரியம்மா, நீங்கதான் அந்தப் பொண்ண நேரா கூப்பிட்டீங்கன்னு சொல்லிடுங்க. அலமாரிய அவ தொறந்து போட்டுட்டுப் போய்ட்டான்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். வயசானவங்க, ஒங்கள யாரு என்ன கேக்கப் போறாங்க?" என்றான். சாவியை நீ பையில் போட்டதைப் பார்த்தேன் என்றேன். "ஒங்களுக்குக் கண்ணாடி மாத்தணும் பெரியம்மா" என்றான். சென்ற மாதம்தான் கண்ணைப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி வாங்கினேன். கடைக்கு உடன் வந்தவன் அவன்தான்.

மறுநாள் கல்லூரி யாமினியை இடைநீக்கம் செய்ததாகவும், காவல்துறை அவள் மீது மட்டும் கவனக்குறைவு வழக்குப் பதிந்ததாகவும் அறிந்து, நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. போனை எடுக்க விடாமல் அதட்டியது நான் என்பதையும் எழுதச் சொன்னேன். அது தேவையில்லை என்றார் காவலர். தேவை என்றேன்.

இதில் இருப்பவை நான் நேரில் கண்டவையும் என் காதால் கேட்டவையும் மட்டுமே. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது.

இந்த வாக்குமூலம் யாமினியின் வழக்கில் சேர்க்கப்பட்டதா, சாவியைப் பற்றிச் சுதீரிடம் விசாரித்தீர்களா என்பதை ஆய்வாளர் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிலைச் சித்தூர் முகவரிக்கு அனுப்பவும். சுதீரின் வீட்டில் நான் இப்போது இல்லை.

(ஒப்பம்) ஆ. சுலோசனா