வெறும் ஐஸில் வந்த முகம்

ராத்திரி மணி பதினொன்றே முக்கால். திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் ரோட்டில், வடமாலைப்பேட்டை தாண்டியதும் ஒரு மண்பாதை பிரியும்... அதில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு மருந்து கம்பெனி. சுற்றிலும் மாந்தோப்பு. ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது. அங்கேதான் நடந்தது.

எனக்கு நடந்ததில்லை. என்னோடு பெங்களூரில் வேலை செய்கிற ஏழுமலையின் அத்தை மகன், நாராயணவனம் கோவர்த்தனனுக்கு நடந்தது. நடுவழியில் நின்றுவிட்ட நம் குப்பம் ரயில் எப்போது கிளம்புமோ தெரியவில்லை, பெட்டியில் லைட்டும் போய்விட்டது. பயந்த சுபாவக்காரர்கள் பங்காரப்பேட்டையிலேயே இறங்கியிருக்க வேண்டும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நெருங்கி உட்காருங்கள்.

அந்தக் கம்பெனியில் மாட்டுக்கு வரும் கோமாரிக்குத் தடுப்பூசி செய்கிறார்கள். அதற்கு அந்த வைரஸின் உருவம் தெரிய வேண்டும். ஒரு துளியை நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஆயிரக்கணக்கில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படமும் சிக்னல் போன டிவி மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். கம்ப்யூட்டர் அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். சுற்று சுற்றாக. இருபத்தைந்து சுற்று ஓடினால் உருவம் தெளியும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இப்படித்தான் இருக்கும் என்று ஒரு மாதிரிப் படத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், வைரஸே இல்லாத வெறும் ஐஸிலும் கம்ப்யூட்டர் அதையே கண்டுபிடித்துக் கொடுக்கும். மாங்காய் கொடுத்தால் மாங்காய்தான் வரும். புதிதாகச் சேருகிறவர்கள் இந்தத் தப்பில் விழக்கூடாது என்று கோவர்த்தனன் ஒவ்வொரு முறையும் மாங்காயை வைத்துச் செய்து காட்டுவான். முரளிதரா, சிரிக்காதே. இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

அந்த ராத்திரி அவன் மாங்காயை வைக்கவில்லை. செல்போனில் இருந்த தன் நைனாவின், அதாவது அப்பாவின், போட்டோவை வைத்தான்.

நைனா பாலசுந்தரம் கொரோனாவில் போனவர். அப்போது இவன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தான், வர விமானம் இல்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். மனைவி ரத்தினம்மாவைக்கூடக் கிட்டே விடவில்லை. “மூஞ்சி பாக்காத சாவு என்னா சாவு? நான் எதுக்கு தாலிய கழட்டணும்?” என்று அந்த அம்மா கேட்டார். இரண்டு வருஷமாகத் தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. ராத்திரியில் கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை, ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே விட்டால் அம்மாவும் போய்விடுவாரோ என்று கோவர்த்தனனுக்குப் பயம்.

போட்டோ, அவனை ஜெர்மனிக்கு வழியனுப்ப வந்தபோது எடுத்தது. நைனா கண்ணை அகல விரித்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். கடைசியாகப் பார்க்காமல் விட்ட முகத்தை இப்படியாவது பார்க்கலாம் என்று, வெறும் ஐஸ் படங்கள் பத்தாயிரம் கொடுத்து ஓடவிட்டான். அறையில் அவன் மட்டும்தான். பக்கத்தில் வாக்குவம் பம்ப்... தடக், தடக்.

ஐந்தாம் சுற்றில் ஒரு வட்டம். பத்தாம் சுற்றில் நைனா, அதே சிரிப்போடு. வரும் என்று தெரிந்ததுதான், இருந்தும் கோவர்த்தனனுக்கு அழுகை வந்துவிட்டது. திரையைத் தொட்டுப் பார்த்தான்.

பதினைந்தாம் சுற்றில் பல் தெரியவில்லை. புள்ளிகள் செய்கிற வேலை என்று நினைத்தான்.

பதினெட்டில்... கண் மூடியிருந்தது.

கொடுத்த படத்தில் கண் திறந்திருந்தது. ஐஸில் எதுவுமே இல்லை. அப்படியானால் இந்த மூடிய கண் எங்கிருந்து வந்தது? இருபதாம் சுற்றில் முகத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஏதோ பளபளத்தது. பிளாஸ்டிக்.

அந்த அறையில் எந்த வாசனையும் இருக்காது. அப்போது வாசனை வந்தது... சானிட்டைசர், புது பிளாஸ்டிக். பம்ப் நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில், ஜிப் இழுபடுகிற சத்தம். மெதுவாக. ஸ்ர்ர்ர்... ஒரு ஆள் நீளத்துக்கு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அம்மாவுக்கு ஒரு முகம் வேண்டும், அது இதோ வந்துகொண்டிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே இருபத்தைந்து வரைக்கும் பார்த்தான். கடைசிச் சுற்றில் வாய்ப்பக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அதனால் இருபத்துநாலாவதையும் சேர்த்து இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். மண்பாதை முழுக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினானாம்.

நாராயணவனத்தில் கதவு திறந்திருந்தது. ரத்தினம்மா விழித்துத்தான் இருந்தார். இது எந்திரம் எடுத்த படம், எப்படி வந்தது என்று தனக்கே தெரியாது என்று உள்ளதைச் சொல்லி, முதலில் ஒரு பிரிண்டை நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். காகிதத்தில் அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் தடவினார்.

“ஆமாடா. நைனாதான். இதான்டா அவரு மூஞ்சி,” என்றார். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அழுதார். கோவர்த்தனனுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. புடவைத் தலைப்பை எடுத்து, பொட்டை அழிக்க நெற்றிக்குக் கொண்டுபோனார். அப்போது அவன் கையில் இருந்த இன்னொரு பிரிண்டைப் பார்த்துவிட்டார். அது எதற்கு என்று கேட்டார். ஒரு சுற்று முன்னாடி வந்தது, அவ்வளவுதான் என்றான்.

அதை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தார். குனிந்தார். ஒரு விரலை அதன்மேல் வைத்தார்.

“முன்னாடி வந்ததுல வாயாண்ட ஒரு ரூபா காசளவு வெள்ளையா பூத்துகினு கீது. பின்னாடி வந்ததுல மூக்கு வரைக்கும் பூத்துகினு கீது. அந்த பிளாஸ்டிக் பையோட உள்பக்கம்டா.”

கோவர்த்தனனும் குனிந்து பார்த்தான். மழைநாளில் பஸ் கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே... அது.

ரத்தினம்மா தலைப்பைக் கீழே விட்டார். பொட்டு அழியவில்லை. மகனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“மூச்சு உட்டுகினு இருந்தவரையாடா கொளுத்தினாங்க?”