பழைய பாஸ்வேர்ட்

“லப்டொப்பில விண்டோஸை அழிச்சு லினக்ஸைப் போட முதல் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். அவள் மடியில் இருந்த லப்டொப் பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“அதில வேலை செய்யிறது நான்தானே. புரோகிராம் எழுத லினக்ஸ் சுகம்.”

“உம்மட ஒபிசில எல்லாரும் லினக்ஸே?”

“இல்லை. விண்டோஸ்தான்.”

“அப்ப உமக்கு மட்டும் என்ன புதுசா?”

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். மாங்குளத்தில் பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

“சரி, விடும். நான் போட்டுத் தந்த பாஸ்வேர்ட் ஏன் இப்ப வேலை செய்யுதில்லை?”

அவள் யன்னலை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“வேலை செய்யுதில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் முன்னாலிருந்து வந்த கொண்டக்டரைப் பார்த்தார். கொண்டக்டர் எங்களைத் தாண்டிப் பின்னால் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்:

“ஒபிசில மற்றப் பிள்ளையளின்ரை மனிசன்மார், பெஞ்சாதிமார் குளிக்கப் போற நேரம் பாத்து லப்டொப்பைத் திறக்கிறேல்லை. அந்தப் பிள்ளையளுக்கு விண்டோஸே போதும்.”