வாழ்த்துச் சொல்லிக் கைவிரித்த மென்பொருள்

தெஹியோவிட்ட கடைவீதியில் வியாபாரம் பார்த்தபடியே நம் தோட்டத்துக்குக் கணினி அறை கட்டித் தந்து, இன்று தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் சண்முகநாதன் ஐயா அவர்களே, விடியலில் ரப்பர் பால் வெட்டிவிட்டுக் கைகழுவிய ஈரம் காயுமுன் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, மாலையின் கனத்தால் சற்றே குனிந்திருக்கும் கொழும்புக் கம்பனி முகாமையாளர் இந்திரகுமார் அவர்களே, உங்கள் கஜேந்திரனின் வணக்கம்.

சாதாரண தரப் பரீட்சைப் பாடங்கள் அத்தனையும் அடங்கிய கம்பனி மென்பொருளாம். மூன்று மொழியிலும் முத்து முத்தாய் வருமாம். அதைக் கணினியில் ஏற்றிப் பரீட்சித்துக் குறை சொல்லும்படி சென்ற மாதம் பத்துப் பேரை அமர்த்தினார்கள். பத்துப் பேருக்கும் தலைவன் நான். ஏற்றிப் பார்த்தோமே, என்ன கண்டோம்?

திரையில் தமிழைத் தொட்டால் கோடு ஊர்கிறது. நூற்றுக்கு எண்பத்து மூன்றில் ஏங்கி நிற்கிறது. பிறகு திரை நிறைய, ‘வாழ்த்துகள், வெற்றிகரமாக ஏற்றப்பட்டது’ என்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பாடமும் இல்லை. இலை போடாமலே சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கும் கல்யாண வீட்டை எங்காவது கண்டதுண்டா? இந்த மென்பொருள் அப்படிப்பட்ட வீடு.

ஆனால் முகாமையாளர் கையில் இருக்கும் ஒன்பது அறிக்கைகளில் என்ன இருக்கிறது? ‘எல்லாம் ஹரி.’ சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி. ஒன்பதிலும் அதே ஹரி. பின்வரிசையில் யாரோ, “நீங்களுந்தானே சார் ஹரின்னு எழுதினீங்க?” என்கிறார். காதில் விழுந்தது ஐயா. அங்கேதான் வருகிறேன்.

தமிழ் விழுந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? சத்தமில்லாமல் சிங்களத்தைத் தொட்டோம். தண்ணீராய் ஓடியது. தபாலகத்தில் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் அப்படித்தான். தமிழ்ப் படிவம் இல்லையென்றால் சிங்களப் படிவத்தை வாங்கி நிரப்பிவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் நாம். விரல் பழகிவிட்டது, வெட்கம் விட்டுவிட்டது. குறையைக் கண்டுபிடிக்க அமர்த்திய கூட்டம், குறையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு, பாதை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

பத்தாவது அறிக்கை விஜயகலாவுடையது. அதோ, தூண் ஓரத்தில் இருக்கிறார். பால் வெட்டுகிறவர். வருகிற டிசம்பரில் மூன்றாம் முறையாகக் கணிதம் எழுதுகிறார். தேறினால் நம் முன்பள்ளியில் ஆசிரியை வேலை, தேறாவிட்டால் மறுபடியும் ரப்பர் மலை. பதினொரு தடவை தமிழைத் தொட்டுப் பார்த்து, பதினொரு தடவையும் எந்த இடத்தில் நின்றதென்று எழுதிக் கொடுத்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்களுக்கு அமத்தத் தெரியலங்க. சிங்களத்துல போங்க.”

அவர் சொன்னார், “சிங்களம் பேசுவேன் சார். வாசிக்க வராது. கணக்க நான் எதுல படிக்கிறது?”

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு நான் ஹரி என்று எழுதினேன். விஜயகலாவின் அறிக்கையைப் பார்த்த முகாமையாளருக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்பது பேர் ஹரி, ஒரு பெண்ணுக்கு அழுத்தத் தெரியவில்லை என்று கணக்கு முடித்து, இதே சரக்கைக் குருவிட்ட ஊர்த் தோட்டங்கள் வரை கொண்டுபோகக் கிளம்பிவிட்டார். மொத்தத்தில் உண்மையாகப் பரீட்சித்தவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் கம்பனிக்கு வாய்ப்பந்தல் போட்டவர்கள். அதில் முதல் கால் நட்டவன் நான். அதை எண்ணி இந்த மேடையில் கூசி நிற்கிறேன்.

இதோ, முகாமையாளர் கையிலிருந்து வாங்கிவிட்டேன் என் அறிக்கையை. உங்கள் முன்னால் கிழிக்கிறேன். மற்ற எட்டுப் பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், எழுந்து வருவீர்கள்.

முகாமையாளர் அவர்களே, நீங்கள் பொத்தானை அழுத்தித் திறந்துவைப்பதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அழுத்துங்கள். ஆனால் தமிழை அழுத்துங்கள். பக்கத்தில் விஜயகலா தாளும் பேனாவுமாக நிற்பார். இது பன்னிரண்டாவது தடவை. விழுந்தால் விழட்டும், விழுந்த இடத்தை அவர் எழுதுவார், அடியில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதுவரை இந்தச் சபை கலையாது.

உங்கள் மென்பொருள் பொய்யாக வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், நான் மெய்யாகவே சொல்லி அமர்கிறேன். விஜயகலா அவர்களே, உங்களுக்கு வாழ்த்துகள், நன்றி. சபையோருக்கு வணக்கம்.